நியூயார்க்கில் கொலைகள் குறைந்தது எப்படி? ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க... எது தேறுகிறது?

1990-ம் ஆண்டு நியூயார்க் நகரத்தில் கொலை செய்யப்பட்டவர்கள் 2,245 பேர். சராசரியாக ஒரு நாளைக்கு ஆறு பேர். 2017-ல் அதே நகரத்தில் கொலையானவர்கள் 292 பேர். இதற்கு நடுவில் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 73 லட்சத்திலிருந்து 84 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஜனம் கூடியிருக்கிறது, கொலை குறைந்திருக்கிறது. லட்சம் பேருக்கு 30-க்கும் மேல் இருந்த கொலை விகிதம், நாலுக்கும் கீழே இறங்கிவிட்டது.

இப்படி ஒரு நல்லது நடந்தால் அடுத்து என்ன ஆகும்? "நாங்கதான் செஞ்சோம்" என்று சொல்ல வரிசை கட்டி நிற்பார்கள். மேயர் தன்னால் என்கிறார். போலீஸ் கமிஷனர் தன்னால் என்கிறார். பொருளாதார நிபுணர் ஒருவர் கருக்கலைப்புச் சட்டத்தைக் கைகாட்டுகிறார். இன்னொருவர் பெட்ரோலில் இருந்த ஈயத்தைக் கைகாட்டுகிறார். போதாக்குறைக்கு டாக்டர்களும் பட்டியலில் இருக்கிறார்கள்.

எது காரணமா இருந்தா என்ன, குறைஞ்சுதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. ஏனென்றால், இதுதான் காரணம் என்று ஒரு நகரம் எதை நம்புகிறதோ, அதைத்தான் மறுநாள் அதன் போலீஸ் தெருவில் செய்யும். நியூயார்க்கில் அப்படி நம்பிச் செய்த ஒரு காரியத்துக்கு, குற்றமே செய்யாத லட்சக்கணக்கான இளைஞர்கள் சுவரைப் பார்த்துக் கைதூக்கி நிற்க வேண்டிவந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

ஒவ்வொரு காரணத்தையும் உரசிப் பார்க்க இரண்டு கேள்விகள் போதும். கொலை எப்போது குறைய ஆரம்பித்தது? இந்த வைத்தியம் நடக்காத ஊரிலும் குறைந்ததா?

முதலில், கணக்கு நிஜம்தானா?

போலீஸ் கொடுக்கிற குற்றக் கணக்கைச் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. திருட்டுப் புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பலாம். அடிதடியைச் சின்ன வழக்காக எழுதலாம். மேலிடம் நெருக்கினால் எந்த ஊர் ஸ்டேஷனிலும் இது நடக்கும். நியூயார்க்கிலும் நடந்ததாகப் புகார்கள் உண்டு.

ஆனால் பிணத்தை மறைப்பது கஷ்டம். கொலையானவரின் மரணத்தை நகரச் சுகாதாரத் துறையும் தனியாகப் பதிவு செய்கிறது. குற்றவியல் ஆய்வாளர் ஃப்ராங்ளின் ஜிம்ரிங் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒத்துப்போனது. கார் திருட்டுக் கணக்கை இன்சூரன்ஸ் கோரிக்கைகளோடு ஒப்பிட்டார். அதுவும் ஒத்துப்போனது. இறக்கம் நிஜம்.

சரி, அடிபட்டவர்களை டாக்டர்கள் காப்பாற்றியதால் கொலைக் கணக்கு குறைந்திருக்குமோ? இது நல்ல கேள்வி. ஒருவர் பிழைத்தால் அது கொலை முயற்சி, இறந்தால் கொலை. 1960-க்குப் பிறகு வந்த ஆம்புலன்ஸும் விபத்து சிகிச்சை மையங்களும் இல்லாமல் இருந்திருந்தால், 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் ஆண்டுக்கு 15 முதல் 20 ஆயிரமாக இருந்த கொலைகள் 45 முதல் 70 ஆயிரமாக இருந்திருக்கும் என்று 2002-ல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நீண்ட காலக் கணக்கில் மருத்துவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நியூயார்க்கின் இறக்கத்தை அது விளக்காது. அங்கே துப்பாக்கிச் சூடுகளே குறைந்துவிட்டன. 1993-ல் ஐயாயிரத்துக்கும் மேல் இருந்த சம்பவங்கள், 2018-ல் ஆயிரத்துக்கும் கீழே. சுடுவதே குறைந்துவிட்ட பிறகு டாக்டருக்கு என்ன வேலை?

கிராக் வந்தது, கிராக் போனது

1980-களின் நடுவில் கிராக் கோகெய்ன் நியூயார்க்குக்குள் நுழைந்தது. கோகெய்னையே சமைத்து, சின்னச் சின்னக் கட்டிகளாக்கிப் புகைக்கிற சரக்கு. விலை மலிவு. போதை சில நிமிடங்களில் இறங்கிவிடும், மறுபடி வாங்க வர வேண்டும். அதனால் வியாபாரம் தெருமுனையில், பகல் இரவு பாராமல் நடந்தது. எந்த முனை யாருக்கு என்பதுதான் சண்டை. விற்றவர்களில் பலர் பதின்ம வயதுப் பையன்கள். கையில் ரொக்கம், அதைக் காக்க இடுப்பில் துப்பாக்கி. அவனிடம் இருக்கிறதே என்று, விற்காதவனும் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டான்.

1988-ல் நியூயார்க்கில் நடந்த 414 கொலை நிகழ்வுகளை எடுத்து பால் கோல்ட்ஸ்டீன் குழு ஆராய்ந்தது. பாதிக்குச் சற்று மேலானவை போதைப்பொருள் தொடர்பானவை. நாம் என்ன நினைப்போம்? போதை தலைக்கேறிக் குத்தியிருப்பான், அல்லது போதைக்குக் காசில்லாமல் வழிப்பறி செய்து கொன்றிருப்பான் என்று. அப்படிப்பட்டவை குறைவு. பெரும்பாலானவை வியாபாரத் தகராறு. இடம், கடன், கலப்படம், ஏமாற்று. கோர்ட்டுக்குப் போக முடியாத வியாபாரத்தில் தீர்ப்பைத் துப்பாக்கி எழுதியது.

1990-களில் இந்தத் தெருச்சந்தை சுருங்கியது. அண்ணனும் மாமாவும் கிராக்கால் அழிந்ததைக் கண்முன்னே பார்த்த அடுத்த தலைமுறை அதைத் தொடவில்லை. 'கிராக்ஹெட்' என்பது வசைச்சொல்லாகிவிட்டது. மிச்சமிருந்த வியாபாரமும் பேஜர், செல்போன் வந்ததும் தெருமுனையை விட்டு வீட்டுக்குள்ளும் டெலிவரிக்கும் போனது. முனை யாருக்கு என்று அடித்துக்கொள்ள முனையே இல்லை. ஜிம்ரிங் கவனித்த ஒரு விஷயம் இங்கே முக்கியம்: போதைப்பொருள் பயன்பாடு குறைந்த அளவைவிட, அது தொடர்பான கொலைகள் குறைந்த அளவு மிக மிக அதிகம். சரக்கு ஒழியவில்லை, விற்கிற விதம் மாறியது. கொலை குறைய அதுவே பெரிய காரணம்.

கிராக் அமெரிக்காவின் மற்ற நகரங்களையும் ஆட்டியது, அங்கெல்லாமும் 1990-களில் கொலை குறைந்தது. இரண்டாவது கேள்விக்கு ஓரளவு பதில் சொல்கிற காரணம் இது.

ஜூலியானியும் பிராட்டனும்

ருடால்ஃப் ஜூலியானி மேயரானது 1994 ஜனவரியில். அவர் கொண்டுவந்த கமிஷனர் வில்லியம் பிராட்டன். 'உடைந்த ஜன்னல்' கோட்பாடு இவர்களோடுதான் உலகப் புகழ் பெற்றது. 1982-ல் ஜேம்ஸ் வில்சன், ஜார்ஜ் கெல்லிங் இருவரும் ஒரு கட்டுரையில் எழுதிய யோசனை அது. ஒரு கட்டடத்தில் உடைந்த ஜன்னலை அப்படியே விட்டால், இங்கே கேட்க ஆளில்லை என்று அர்த்தம். அடுத்த ஜன்னலும் உடையும், பிறகு பெரிய குற்றமும் வரும் என்பது வாதம். அதனால் சில்லறைக் குற்றங்களைப் பிடித்தார்கள். சப்வேயில் டிக்கெட் எடுக்காமல் தாண்டிக் குதிப்பவர், சிக்னலில் கார் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் காசு கேட்பவர், பொது இடத்தில் குடிப்பவர் என்று எல்லோரும் மாட்டினார்கள்.

கூடவே காம்ப்ஸ்டாட் வந்தது. எந்தத் தெருவில் எந்த நேரத்தில் என்ன குற்றம் என்று கம்ப்யூட்டர் வரைபடத்தில் குறித்து, அந்தந்தப் பகுதி அதிகாரியைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "இதுக்கு என்ன செய்தீர்கள்?" என்று குடைகிற முறை. எனக்குத் தெரிந்தவரை இந்த மொத்தக் கதையில் போலீஸ் செய்த உருப்படியான வேலை இதுதான்.

பலன் கிடைத்ததா? 1993-ல் 1,946 கொலைகள். 1998-ல் 633. ஐந்தே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு. 1996 ஜனவரியில் 'டைம்' இதழின் அட்டையில் பிராட்டன் படம் வந்தது. பெயர் யாருக்கு என்பதில் மேயருக்கும் கமிஷனருக்கும் ஏற்கெனவே இருந்த புகைச்சல் பற்றிக்கொண்டு, சில மாதங்களில் பிராட்டன் பதவியை விட்டுப் போனார். அவர் போன பிறகும் கொலை குறைந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது முதல் கேள்வியைப் போடுவோம். எப்போது குறைய ஆரம்பித்தது? 1990-ல் 2,245. 1991-ல் 2,154. 1992-ல் 1,995. 1993-ல் 1,946. அதாவது ஜூலியானி நாற்காலியில் உட்காரும் முன்பே மூன்று ஆண்டுகளாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது மேயராக இருந்தவர் டேவிட் டின்கின்ஸ், நகரின் முதல் கறுப்பின மேயர். 1990-ல் "டேவ், ஏதாவது செய்யுங்கள்!" என்று ஒரு பத்திரிகை முதல் பக்கத்தில் அலறியது. அவர் செய்தார். கூடுதல் வரி விதித்து ஆயிரக்கணக்கான போலீஸாரை எடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். ஆள் எடுத்து, பயிற்சி முடித்து, தெருவில் இறங்கும்போது அவர் தேர்தலில் தோற்றிருந்தார். விதைத்தது ஒருவர், அறுத்தது இன்னொருவர்.

இரண்டாவது கேள்வி. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரத்தில் உடைந்த ஜன்னல் பாணி அதிரடி இல்லை. ஆள்பலமும் மக்கள்தொகைக்கு ஒப்பிட்டால் குறைவு. குடியிருப்பவர்களோடு சேர்ந்து பிரச்சினையைத் தீர்க்கிற பாணியில் போலீஸ் வேலை செய்தது. 1991 முதல் 1998 வரை அங்கே கொலை குறைந்த சதவீதம் நியூயார்க்குக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல. கனடாவில் 1990-களில் கொலை விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அங்கே சிறைகளை நிரப்பவும் இல்லை, போலீஸ் படையைப் பெருக்கவும் இல்லை.

நியூயார்க்குக்குள்ளேயே பார்த்தால்? பெர்னார்ட் ஹார்கோர்ட், ஜென்ஸ் லுட்விக் இருவரும் 2006-ல் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்கள். கிராக் காலத்தில் எந்தப் பகுதிகளில் வன்முறை மிக அதிகமாக ஏறியதோ, அங்கேதான் பிறகு மிக அதிகமாக இறங்கியது. சில்லறைக் கைதுகள் அதிகம் நடந்ததும் அதே பகுதிகளில்தான். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது கொடுத்த மாத்திரைக்குத்தான் எப்போதும் பெயர். தானாக இறங்கியிருந்தாலும் அப்படித்தான்.

அதற்காக போலீஸுக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2000-க்குப் பிறகு மற்ற பல நகரங்களில் இறக்கம் நின்றுபோனது. நியூயார்க்கில் தொடர்ந்தது. நாடு முழுவதும் குறைந்ததில் ஒரு பாதி, நியூயார்க் தனியாகக் குறைத்தது இன்னொரு பாதி என்று ஜிம்ரிங் பார்க்கிறார். அந்த இரண்டாவது பாதியில், குற்றம் குவியும் குறிப்பிட்ட தெருக்களில் ஆளைக் குவித்ததற்குப் பங்கு உண்டு என்பது அவர் முடிவு. ஒரு முனையில் போலீஸ் நின்றால் குற்றம் அடுத்த தெருவுக்கு நகர்ந்துவிடும் என்றுதான் பலரும் நம்பியிருந்தார்கள். பெரும்பாலும் அப்படி நகரவில்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நாடு முழுவதும் சிறைகள் நிரம்பிக்கொண்டிருந்தபோது, 1990-களின் பிற்பகுதியிலிருந்து நியூயார்க் நகரத்தின் சிறைக் கைதிகள் எண்ணிக்கை குறைந்தது. உள்ளே தள்ளினால்தான் ஊர் அடங்கும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை.

ஒரு தப்பான காரணத்தின் விலை

கொலை குறைந்த பிறகு, அதைக் காப்பாற்ற வேண்டுமே என்று மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் காலத்தில் கையில் எடுத்த ஆயுதம்தான் 'நிறுத்திச் சோதனை'. நடந்து போகிறவரை நிறுத்தி, கேள்வி கேட்டு, உடம்பைத் தடவிப் பார்ப்பது. 2002-ல் 97 ஆயிரம் முறை. 2011-ல் 6,85,724 முறை.

அந்த ஆண்டு நிறுத்தப்பட்டவர்களில் சுமார் 88 சதவீதம் பேர் மேல் வழக்கோ, அபராதச் சீட்டோ எதுவும் இல்லை. துப்பாக்கி கிடைத்தது ஆயிரத்தில் ஒருவரிடமோ இருவரிடமோ. 14 முதல் 24 வயது வரையிலான கறுப்பின ஆண்கள் நகரத்தில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்களோ, அதைவிட அதிக முறை அந்தப் பிரிவினர் நிறுத்தப்பட்டார்கள். தலைக்கு ஒரு தடவைக்கும் மேல். பள்ளிக்கூடம் போகும்போதும், சொந்த வீட்டு வாசலிலும்.

2013 ஆகஸ்டில் நீதிபதி ஷீரா ஷைன்ட்லின் தீர்ப்பளித்தார். காவல் துறை இதை நடத்திய விதம் அரசியல் சட்டத்துக்கு விரோதம், இனப் பாகுபாடு கொண்டது என்றார். மேயரும் கமிஷனர் ரேமண்ட் கெல்லியும் கொதித்தார்கள். இதை நிறுத்தினால் உயிர்கள் போகும் என்பது அவர்கள் வாதம்.

என்ன நடந்தது? 2014-ல் நிறுத்தங்கள் சுமார் 46 ஆயிரம். 2015-ல் 23 ஆயிரத்துக்கும் கீழ். 2011-ஐ ஒப்பிட்டால் நூற்றுக்கு மூன்று. கொலைகள்? 2011-ல் 515. 2013-ல் 335. நாலு ஆண்டு கழித்து, 2017-ல் 292. மொத்தத்தில் ஏறவில்லை. ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் குதிக்கும் முன் 2019 நவம்பரில் ப்ளூம்பெர்க் மன்னிப்புக் கேட்டார். தேர்தல் வந்தால்தான் சிலருக்குக் கணக்கு புரிகிறது.

பெட்ரோலில் ஈயம், பிறக்காத குழந்தைகள்

2001-ல் ஜான் டோனஹூ, ஸ்டீவன் லெவிட் என்ற இரு ஆய்வாளர்கள் குண்டு ஒன்றைப் போட்டார்கள். 1973-ல் அமெரிக்கா முழுவதும் கருக்கலைப்பு சட்டப்பூர்வமானது. நியூயார்க் மாநிலத்தில் 1970-லேயே. வேண்டாத சூழலில் பிறந்து வறுமையில் வளர்ந்திருக்கக்கூடிய ஒரு பகுதியினர் பிறக்கவே இல்லை, 18 ஆண்டு கழித்துக் குற்றம் குறைந்தது என்றார்கள். 'ஃப்ரீக்கனாமிக்ஸ்' புத்தகம் இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. 2005-ல் இரண்டு பொருளாதார வல்லுநர்கள் அந்த ஆய்வின் கணக்கில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்கள். சரிசெய்தால் விளைவு வெகுவாகச் சுருங்கியது. ஆசிரியர்கள் இன்றும் தங்கள் முடிவில் நிற்கிறார்கள். எனக்கு இடிப்பது இது: இந்த வாதப்படி 1973-க்குப் பிறகு பிறந்தவர்களிடம்தான் முதலில் வன்முறை குறைந்திருக்க வேண்டும். ஆனால் கிராக் உச்சத்தில் கொலைக் குற்றம் மளமளவென ஏறியதே அந்தப் பதின்ம வயதினரிடம்தான்.

ஈயத்தின் கதை இதைவிடக் கொஞ்சம் வலுவானது. பெட்ரோலில் ஈயம் கலந்த காலத்தில் அதன் புகையைச் சுவாசித்து வளர்ந்த குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சி பாதிக்கும், கோபத்தை அடக்கும் திறன் குறையும். இதில் மருத்துவச் சந்தேகம் இல்லை. அமெரிக்கா 1970-களில் ஈயத்தைக் குறைக்கத் தொடங்கியது, அந்தக் குழந்தைகள் 1990-களில் இளைஞர்களானார்கள். இந்தியா ஈய பெட்ரோலை 2000-ல்தான் கைவிட்டது. பின்னணியில் மெதுவாக வேலை செய்த காரணங்களில் ஈயத்துக்கு இடம் கொடுக்கலாம். ஆனால் ஐந்து ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு சரிந்ததை, தலைமுறைக்கணக்கில் மாறுகிற ஒன்று மட்டும் செய்திருக்க முடியாது.

யாரும் படம் எடுக்காதவர்கள்

பத்திரிகை அட்டையில் வராத காரணங்களும் இருக்கின்றன. எரிந்துபோன கட்டடங்களாகக் கிடந்த பிராங்க்ஸில், 1986 முதல் நகர அரசு கோடிக்கணக்கான டாலர் செலவில் வீடுகளைக் கட்டியது, புதுப்பித்தது. வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள் காலியான தெருக்களில் குடியேறிக் கடை போட்டார்கள். வாடகைதாரர் சங்கங்கள், மாலை நேரப் பயிற்சி மையங்கள், சர்ச் குழுக்கள் தெருவைத் திரும்பக் கையில் எடுத்தன.

இதெல்லாம் சும்மா உணர்ச்சிப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். சமூகவியலாளர் பேட்ரிக் ஷார்கி குழு 264 அமெரிக்க நகரங்களின் இருபது ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டது. லட்சம் பேருக்கு இப்படிப்பட்ட அமைப்புகள் பத்து கூடினால், கொலை விகிதம் 9 சதவீதம் குறைகிறது. 2016-ல் நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகள் சிலவற்றில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பெரிய விளக்குக் கம்பங்களை நிறுத்திப் பார்த்தார்கள். இரவில் வெளியிடத்தில் நடக்கும் கடும் குற்றங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. விளக்கு. அவ்வளவுதான்.

அமைதி எல்லாமே ஒரே ரகமா?

கொலை குறைந்தாலே அரசு ஜெயித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு கொலம்பியாவின் மெடெயின் நகரம் சாட்சி. பாப்லோ எஸ்கோபாரின் ஊர். 1991-ல் லட்சம் பேருக்கு 350-க்கும் மேல் கொலைகள். 2000-களின் நடுவில் திடீரென்று சரிந்தது. மலைச்சரிவுச் சேரிகளுக்கு 2004-ல் விட்ட கேபிள் காரும், நூலகங்களும் உலகப் பாராட்டைப் பெற்றன. அவற்றின் பலன் பொய்யில்லை. ஆனால் அதே காலத்தில் அங்கிருந்த கும்பல்களையெல்லாம் 'டான் பெர்னா' என்ற ஒரே தாதா தன் கைக்குள் வைத்திருந்தான். போட்டி இல்லை, அதனால் கொலை இல்லை. 2008 மே மாதம் அவனை அமெரிக்காவுக்கு நாடு கடத்தினார்கள். அடியாட்கள் இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள். 2009-ல் கொலைகள் மறுபடி இரண்டாயிரத்தைத் தாண்டின. பிறகு மீண்டும் குறைந்தது, அது வேறு கதை.

நியூயார்க்குக்குத் திரும்புவோம். அங்கே வந்த அமைதியில் பிழைத்தவர்கள் யார்? ஈஸ்ட் நியூயார்க் என்கிற ஏழைப் பகுதியின் ஒரே ஒரு காவல் சரகத்தில் 1993-ல் 126 கொலைகள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். அமெரிக்காவில் 1991 முதல் 2014 வரை கொலை குறைந்ததால் மட்டுமே கறுப்பின ஆண்களின் சராசரி ஆயுள் 0.8 ஆண்டு கூடியது என்று ஷார்கி கணக்கிட்டிருக்கிறார். ஒரு பெரிய நோயை ஒழித்தால்தான் இப்படிக் கூடும்.

2020-ல் கணக்கு மாறியது. கொரோனா ஆண்டில் கொலைகள் 319-லிருந்து 468 ஆக ஏறின, 2021-ல் 488. உடனே, நிறுத்திச் சோதனையைக் கைவிட்டதுதான் காரணம் என்று பழைய குரல்கள் எழுந்தன. ஆனால் அந்த ஆண்டு நாடு முழுவதுமே கொலைகள் சுமார் 30 சதவீதம் கூடியிருந்தன. எந்தக் கட்சி ஆண்ட நகரம், எந்தப் பாணி போலீஸ் என்ற வித்தியாசம் பெரிதாக இல்லை. பள்ளிகளும் மாலை மையங்களும் பூட்டிக் கிடந்தன, துப்பாக்கி விற்பனை உச்சத்தில் இருந்தது. 2022-ல் 438, 2023-ல் 391 என்று மறுபடி இறங்க ஆரம்பித்தது. அப்போது மேயராக இருந்த எரிக் ஆடம்ஸ் ஒரு முன்னாள் போலீஸ் கேப்டன். இறக்கத்துக்கான பெயரைத் தன் நிர்வாகத்துக்கு எழுதிக்கொள்ள அவரும் தவறவில்லை. 2023-ல் அமெரிக்காவின் மற்ற பெரும்பாலான நகரங்களிலும் கொலைகள் குறைந்திருந்தன.